மிஷனெரி நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: துர்கானா பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஊழியத்துக்காக வெளிநாடு போன நண்பர்கள், "ஒரு தடவை வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டிருப்பார்கள். வருகிறோம் என்று நாமும் சொல்லியிருப்போம். வருடங்கள் ஓடியிருக்கும். இதற்கிடையில் உள்ளுக்குள் ஒரு வறட்சி வந்துவிடுகிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், ஜெபிக்கிறோம், மிஷனெரி உண்டியலில் பணம் போடுகிறோம், ஆனால் எதுவும் நல்லபடி மாறும் என்று மனம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது. அப்படி இருக்கிறவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடாமல் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்கானா என்று ஒரு மாவட்டம். எங்கள் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் அங்கே நர்ஸாக இருக்கிறார். அவருடைய கணவர் ஆழ்குழாய்க் கிணறுகளின் பம்புகளைப் பழுதுபார்க்கிறார். நீங்கள் போகிற நாடு வேறாக இருந்தால் விசா, தடுப்பூசி விவரங்கள் மாறும், மற்றவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியத்தைப் பார்க்கப் போகாதீர்கள், ஊழியம் செய்கிறவர்களைப் பார்க்கப் போங்கள். "இங்கே இத்தனை சபைகள், இத்தனை ஞானஸ்நானங்கள்" என்ற கணக்கைக் கேட்டு வரும் உற்சாகம் ஊர் திரும்பிய சில நாட்களில் வடிந்துவிடும். நாம் நன்றாக அறிந்த ஒருவர், நம்மைப் போலவே சோர்கிற ஒருவர், அந்த இடத்தில் இத்தனை வருடம் எப்படித் தாங்கப்பட்டிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு. அது நம்மோடு தங்குகிறது.

எப்போது, எத்தனை பேர்

டிக்கெட் போடுவதற்கு முன் அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: எந்த மாதம் உங்களுக்கு உண்மையிலேயே வசதி? "எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல் இன்னொரு முறை கேளுங்கள். கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழைக் காலம். துர்கானாவில் மழை குறைவுதான். ஆனாலும் பெய்தால் வறண்டு கிடக்கும் ஆற்றுப் படுகைகளில் திடீரென்று வெள்ளம் வந்து சாலையை அறுத்துவிடும். ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அந்த நாட்கள் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அருமையானவை என்று பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளோடும் பழக வேண்டும் என்று அவர்களே சொன்னால் போங்கள், இல்லாவிட்டால் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

இரண்டு பேர் போகலாம், மிஞ்சிப் போனால் மூன்று பேர். சபையிலிருந்து வேன் நிறையக் கிளம்புகிற கூட்டம் வேண்டவே வேண்டாம். அங்கே தண்ணீர் வண்டியில் வருகிறது. நீங்கள் குளிக்கிற ஒவ்வொரு வாளியும் யாரோ கொண்டுவந்து ஊற்றியது. இருக்கிற நாட்களை ஒரே இடத்தில் செலவிடுங்கள், இரண்டு வாரமாவது இருக்கட்டும். மசாய் மாராவில் சிங்கம் பார்க்க ஆசை என்றால் திரும்பும் வழியில் உங்கள் செலவில் தனியாகப் போய்க்கொள்ளுங்கள், அதற்கு அவர்களை அலைய வைக்க வேண்டாம்.

அப்புறம், உங்கள் மனநிலையை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். "எனக்குக் கொஞ்ச நாளாக ஜெபிக்கவே முடியவில்லை. உங்களோடு சும்மா இருக்கத்தான் வருகிறேன்" என்று இரண்டு வரி போதும். இல்லாவிட்டால், ஊரிலிருந்து சபைப் பிரதிநிதி வருகிறார் என்று நினைத்து, தினமும் ஒரு கூட்டம், ஒரு கிராமம் என்று நிகழ்ச்சி நிரல் போட்டுவிடுவார்கள். இத்தனை வருடம் காணிக்கை அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பாரம் எல்லா மிஷனெரிகளுக்கும் உண்டு. அதை உங்கள் கடிதமே இறக்கி வைக்கட்டும்.

காகிதம், ஊசி, பணம்

2024 ஜனவரி முதல் கென்யாவுக்குப் பழைய விசா முறை இல்லை. அரசின் இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நண்பரின் அழைப்புக் கடிதம், தங்குமிட விவரம், திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அதேபோன்ற பெயரில் இடைத்தரகர் தளங்கள் பல இருக்கின்றன, அவற்றில் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் நண்பரைப் பார்க்கப் போகும் விருந்தாளி. வைத்தியம் பார்ப்பதோ ஊழியம் செய்வதோ திட்டம் என்றால் அதற்குத் தனி அனுமதி தேவை. எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் பொய்க்கான விலையை, அங்கே அனுமதியோடு வாழும் உங்கள் நண்பர்தான் கொடுக்க வேண்டி வரும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவே கூடாது. கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் கிடைக்காது, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். துர்கானாவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பணத்துக்கு அங்கே எம்-பெசாதான் எல்லாம். 2007இல் தொடங்கிய செல்பேசிப் பணம், ஆட்டுச் சந்தையில்கூடச் செல்லும். நைரோபியில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி அதிலேயே பதிந்துகொள்ளுங்கள். நம் ஊர் பிளக் அங்கே நுழையாது, மூன்று சதுர முனை கொண்டது வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது

நைரோபியின் பார்க்லேண்ட்ஸ் பகுதியில் துவரம்பருப்பு முதல் அப்பளம் வரை நம் சாமான் எல்லாம் கிடைக்கும். அதனால் அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம். கடையில் கிடைக்காததைக் கொண்டுபோங்கள். அம்மா கையால் அரைத்த குழம்புத் தூள், மோர் மிளகாய், அவர்கள் வீட்டு ஊறுகாய், பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம், அப்பாவின் குரலில் ஒரு பதிவு. அக்காவின் அப்பா பாளையங்கோட்டையில் படுக்கையாக இருந்தார். அவர் பேசியதை நான் செல்பேசியில் பதிந்து கொண்டுபோயிருந்தேன். கொண்டுபோன பொருள்களிலேயே அதைத்தான் அந்த வீட்டில் அதிக நாள் பயன்படுத்தினார்கள். பச்சைக் கறிவேப்பிலை, விதை, செடி எதுவும் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை இருக்கிறது. துணிப்பையில் கட்டுங்கள்.

துணி விஷயத்தில், பெண்கள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பருத்தி ஆடை, ஆண்கள் ஞாயிறுக்கு ஒரு நல்ல சட்டை. பகலில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும், தொப்பி அவசியம்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் இல்லை. மும்பையில் மாறினால் அங்கிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம். நைரோபியிலிருந்து துர்கானாவின் தலைநகரான லோட்வாருக்குச் சாலையில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர், கிட்டாலே வழியாகப் போக வேண்டும். கைனுக் பக்கம் துர்கானா, போகோட் மக்களுக்கிடையே கால்நடைக் கொள்ளைச் சண்டை அவ்வப்போது நடக்கும். எப்போது புறப்படலாம் என்பதை நண்பர் சொல்லட்டும், நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். இரவுப் பயணம் கூடவே கூடாது. வசதி இருந்தால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் லோட்வார் போகலாம். ஏஐஎம் ஏர், எம்ஏஎஃப் போன்ற மிஷன் விமான சேவைகளும் வில்சனிலிருந்துதான் பறக்கின்றன. மிஷன் வழியாகக் கேட்டால் சில நேரம் இடம் கிடைக்கும். பெட்டி எடைக்கு அங்கே கறாரான வரம்பு உண்டு.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு லோட்வாரில் இறங்கியதும் ஒரு திகைப்பு வரும். சாலையோரமெல்லாம் சீமைக் கருவேல் நிற்கிறது. மரமில்லாத மண்ணுக்கு நிழலும் விறகும் தரட்டும் என்று அங்கேயும் கொண்டுவந்து நட்டு, அங்கேயும் அடங்காமல் பரவிவிட்டது. ஆற்றோரங்களில் பனைக்கு உறவான கிளைப்பனை இருக்கிறது. அதன் ஓலையில் துர்கானாப் பெண்கள் பின்னும் கூடைகளைப் பார்த்தால் மணப்பாட்டுப் பெட்டிகள் நினைவுக்கு வரும். அக்காவும் வந்த புதிதில் அந்தக் கூடைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து பின்னித்தான் மொழி படித்திருக்கிறார்.

முதல் இரண்டு நாள் தூங்குங்கள்

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்று சொன்னபோது, தேவதூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கத்தான் விட்டான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஆவிக்குரிய வறட்சியோடு போகிறவர்கள் பெரும்பாலும் உடம்பாலும் களைத்துப் போனவர்கள். வந்த அன்றே ஒரு பெரிய அனுபவம் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தூங்குங்கள்.

சாப்பாடு நமக்குச் சிரமமில்லை. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டுவது, நம் களி போலத்தான். சுகுமா விக்கி என்று ஒரு கீரை, பீன்ஸும் சோளமும் சேர்ந்த கிதேரி, அப்புறம் பாலில் கொதிக்கவிட்ட டீ. டீக்கும் சப்பாத்திக்கும் அங்கே சாய், சப்பாத்தி என்றே பெயர். 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதைக்காக இந்தியாவிலிருந்து 30,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் கென்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நம் நாட்டுச் சாப்பாடு அங்கே வேர் பிடித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்கள் நாளோடு ஒட்டிக்கொள்ளுங்கள்

மூன்றாம் நாளிலிருந்து அவர்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு எழுந்திருங்கள். பாத்திரம் கழுவுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், காய் நறுக்குங்கள். "நீங்க உட்காருங்க" என்றால் உட்காராதீர்கள். அண்ணன் பம்பு பார்க்கப் போகும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பேச வேண்டியதெல்லாம் அந்த வண்டிப் பயணத்தில்தான் பேசப்படும்.

நண்பர் வாரம் ஒரு முறை வெளிக்கிராமக் கிளினிக் போகிறவராக இருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு கூடப் போங்கள். வேலமரத்தடியில் ஒரு மேசை, ஒரு தராசு. குழந்தைகளின் புஜத்தில் சுற்றி அளக்க ஒரு நாடா வைத்திருப்பார்கள். பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 2020க்குப் பிறகு அந்தப் பக்கம் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. ஆடு மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு மாதம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்த குழந்தை அடுத்த மாதம் மறுபடியும் சிவப்புக்குப் போகும். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார். "இப்படித் திரும்பத் திரும்ப ஆனால் எப்படி அக்கா போகிறீர்கள்?" என்று கேட்டேன். "போன வாரம் வந்தேன்ல, இந்த வாரமும் வருவேன்னு அந்த அம்மாக்கள் நடந்து வந்திருப்பாங்க" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை. என் வறட்சியில் முதலில் ஈரம் பட்டது அந்த இடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது. பலன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்பிக்கை இருக்கும் என்று நான் வைத்திருந்த வரிசை அங்கே தலைகீழாக இருந்தது. அவர் வாரா வாரம் போவதே நம்பிக்கைதான். பலன் அதற்குப் பின்னால் வருகிறது, சில நேரம் வருவதும் இல்லை.

அங்கே கேட்கும் ஜெபங்களையும் கவனியுங்கள். "ஆண்டவரே, நாளைக்குத் தண்ணீர் வண்டி வர வேண்டும். அந்த டிரைவருக்கு உடம்பு சரியாக வேண்டும். ஆமென்." அரை நிமிடம்கூட ஆகாது. வார்த்தைகளை அடுக்கி அடுக்கி ஜெபம் என்பதே அலுத்துப் போனவர்களுக்கு இது மருந்து. நீங்களும் அப்படியே ஜெபித்துப் பாருங்கள், தேவையான ஒன்றை மட்டும், ஒரு வரியில்.

ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை "மூன்று மணிக்கு" என்று சுவாஹிலியில் சொன்னால் காலை ஒன்பது மணி என்று அர்த்தம். சூரியன் உதிப்பதிலிருந்து அவர்கள் மணியை எண்ணுகிறார்கள், நம் முன்னோர்கள் நாழிகை எண்ணியதைப் போல. ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் தாண்டியும் போகும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

விருந்தாளிகளை எழுப்பிப் பேசச் சொல்வார்கள், தப்பவே முடியாது. "ப்வானா அசிஃபீவே" என்று தொடங்குங்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பதுதான், எல்லாரும் ஆமென் சொல்வார்கள். துர்கானா மொழியில் "எஜோக்" என்று வணக்கம் சொன்னால் பாட்டிமார்கள் முகம் மலரும். உங்கள் பெயர், ஊர், யாருடைய நண்பர், ஊர்ச் சபையின் வாழ்த்து. அவ்வளவுதான், இரண்டு நிமிடம். பிரசங்கம் செய்யச் சொன்னால் தன்மையாக மறுத்துவிடுங்கள். கேட்டு வாங்கத்தான் போயிருக்கிறீர்கள்.

காணிக்கை நேரத்தில் பணம் இல்லாதவர்கள் முட்டை, கோழி, சில நேரம் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொண்டுவருவார்கள். முடிந்ததும் அதை வெளியே வைத்து ஏலம் விடுவார்கள். நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை விலை ஏற்றி வாங்கியவர்களுக்கு அந்த ஆரவாரம் தெரிந்ததுதான். ஏலத்தில் கலந்துகொள்ளுங்கள், ஆனால் பணத்தைக் காட்டி எல்லாவற்றையும் நீங்களே எடுத்துவிடாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் முட்டைக்காகப் போட்டி போட்டால் விட்டுக்கொடுங்கள்.

ஆராதனை முடிந்த பிறகு ஒன்று செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சபை மூப்பர்களிடம், "எனக்காக ஜெபியுங்கள்" என்று கேளுங்கள். பொதுவாக நாம் அங்கே போய் அவர்களுக்காக ஜெபிப்போம், படம் எடுப்போம், வந்துவிடுவோம். மந்தையில் பாதிக்கு மேல் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் என் தலையில் கை வைத்தார். "உங்கள் ஊரில் மழை பெய்ததா?" என்று முதலில் கேட்டார். அந்த வருடம் எங்கள் பக்கமும் குளங்கள் நிறையவில்லை, அதைச் சொன்னேன். என் ஊர்க் குளத்துக்காக அவர் ஜெபித்தார், நண்பர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். வாங்கிக்கொள்கிறவனாக நிற்பது எளிதில்லை, ஆனால் வறண்ட மனதுக்கு அங்கேதான் வழி திறக்கிறது.

ஆனாலும் ஊர் திரும்பி, "அவர்கள் ஏழைகளாக இருந்தும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்கள் அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள், மழைக்காக ஆண்டவரோடு வழக்காடுகிறார்கள். அந்த வழக்கையும் சேர்த்துத்தான் அவர்களுடைய விசுவாசம்.

நண்பர் பேசும்போது

ஒரு வாரம் ஆன பிறகு, சாப்பாடு முடிந்த ஏதோ ஒரு இரவில், அவர்கள் உண்மையைப் பேசத் தொடங்குவார்கள். மொழி இன்னும் முழுசாக வரவில்லை, உடன் ஊழியரோடு மனஸ்தாபம், காணிக்கை அனுப்பித் தாங்குகிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது, பிள்ளை பள்ளியில் தனியாக இருக்கிறான், அப்பாவின் கடைசி நாளில் பக்கத்தில் இருக்க முடியுமோ என்னவோ. சில பேர், "இதெல்லாம் வீணோ என்று தோன்றுகிறது" என்றுகூடச் சொல்வார்கள்.

இங்கே கேட்கிறவருடைய வேலை சின்னது. வசனம் சொல்லி மூடிவிடாதீர்கள். "நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?" என்று கேட்காதீர்கள். கேட்டதை ஜெபக் குறிப்பாக்கிச் சபை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். கேளுங்கள், டீ போட்டுக் கொடுங்கள், உங்கள் வறட்சியையும் சொல்லுங்கள்.

சோர்ந்த மிஷனெரியைப் பார்த்தால் நம் நம்பிக்கை இன்னும் குறையாதா என்று கேட்பீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. அப்படிப் பேசிய அக்கா மறுநாள் காலை வழக்கம்போல நாடாவையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சோர்வு போய்விட்டதால் கிளம்பவில்லை, சோர்வோடேயே கிளம்பினார். விசுவாசம் என்பது சந்தேகமே இல்லாத மனநிலை, அது எனக்கு இல்லை, அதனால் நான் வெளியே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, உள்ளே இருக்கிறவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது பெரிய விடுதலை.

புதிய ஏற்பாட்டில் பவுலைப் பார்க்கப் போனவர்கள் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளலாம். பிலிப்பி சபையின் காணிக்கையோடு போன எப்பாப்பிரோதீத்து அங்கே மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார். ரோமாபுரியில் பவுலைத் தேடிக் கண்டுபிடித்து, அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படாமல் இளைப்பாற்றினார் ஒநேசிப்போரு. இரண்டு பேரும் அங்கே பிரசங்கம் செய்ததாக ஒரு வரியும் இல்லை. போனார்கள், கூட இருந்தார்கள்.

படம், பணம், வாக்குறுதி

பிரிட்டிஷ் ஆட்சி துர்கானாவை வெளியாருக்கு மூடியே வைத்திருந்தது. 1961 பஞ்சத்தில் நிவாரண வேலையோடுதான் மிஷன்கள் உள்ளே வந்தன. அதனால் வெளியூர் விசுவாசி என்றால் உணவு மூட்டை என்ற எண்ணம் அங்கே ஆழமாக இருக்கிறது, அதை மாற்றத்தான் உங்கள் நண்பர் வருடக்கணக்காகப் பாடுபடுகிறார். நீங்கள் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பணத்தையோ மிட்டாயையோ அள்ளிக் கொடுத்தால் அந்த உழைப்பு வீணாகும். கொடுக்க ஆசை இருந்தால் நண்பரிடம் கேட்டு, சபை வழியாக, உங்கள் பெயர் தெரியாமல் கொடுங்கள். கூடை பின்னும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். அது அவர்கள் உழைப்புக்கு விலை, தர்மம் இல்லை.

கிளினிக்கில் படம் எடுக்கவே வேண்டாம். மற்ற இடங்களில் கேட்டுவிட்டு எடுங்கள். "அடுத்த வருடம் உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்தப் பிள்ளை மறக்காது. வடக்கே 1992 முதல் இருக்கும் ககூமா அகதி முகாமுக்குள் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. "சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே" என்று நண்பரை வற்புறுத்தாதீர்கள்.

நேரம் இருந்தால் மொம்பாசா

திரும்பும் வழியில் மூன்று நாள் கிடைத்தால் நைரோபியிலிருந்து ரயிலில் மொம்பாசா போங்கள். 1844இல் யோஹான் லுட்விக் கிராஃப் என்ற ஜெர்மன் மிஷனெரி அங்கே மனைவி ரோசினாவோடு வந்து இறங்கினார். அதே வருடத்தில் ரோசினாவும் பிறந்த குழந்தையும் இறந்துபோனார்கள். நியாலி பக்கத்தில் அந்தக் கல்லறை இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் தனியாகக் கிடக்கும் இந்தக் கல்லறை, வேலை தொடங்கிவிட்டதற்கு அடையாளம் என்ற பொருளில் கிராஃப் ஊருக்கு எழுதினார். அவர் இருந்த காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2019 கணக்கெடுப்பில் கென்யாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேர் கிறிஸ்தவர்கள், அங்கிருந்தே மிஷனெரிகள் வேறு நாடுகளுக்குப் போகிறார்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கல்லறையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

கொஞ்சம் உள்ளே போனால் ரபாய். கிராஃப் தொடங்கிய பணித்தளம், பழைய ஆலயக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக்கில் படித்து வளர்ந்த ஆப்பிரிக்கர்கள் அங்கே ஊழியம் செய்திருக்கிறார்கள். விடுதலையான அடிமைகளுக்காக 1875இல் உருவான ஃப்ரியர்டவுனின் மணி மொம்பாசாவில் இன்னும் நிற்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் "கென்யா போய் வந்தேன்" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம், ஒரு மாதம் போகட்டும். பேசும்போது நண்பரை வீரராக்காதீர்கள், அந்தப் பிம்பத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டியவர் அவர்தான். அவர்கள் தனியாகச் சொன்னதை எந்தக் காரணத்துக்கும் வெளியே விடாதீர்கள். அவர்களுடைய பெற்றோரை மட்டும் வந்த வாரத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னால்தான் அவர்கள் மனம் ஆறும்.

பழைய வறட்சி மறுபடியும் எட்டிப் பார்க்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அரை நிமிட ஜெபத்தை விடாதீர்கள். தண்ணீர் வண்டி, டிரைவர், கிளினிக், அந்தப் பெரியவரின் மந்தை என்று பெயர் சொல்லி ஜெபிக்க இப்போது உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு நண்பரைக் கூப்பிடுங்கள். அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. நம் இரவு எட்டரைக்கு அங்கே மாலை ஆறு, கிளினிக்கும் பம்பு வேலையும் முடித்து வீட்டுக்கு வந்திருப்பார்கள், அப்போது கூப்பிட்டால் எடுப்பார்கள்.